பதிவுப் படிவத்தில் பிழையை எப்போது சொல்வது, எங்கே சொல்வது?

ஒரு பயிற்சி மையத்துக்கு மாணவர் பதிவுப் படிவம் செய்து கொடுத்தேன். பெயர், கைபேசி எண், மின்னஞ்சல், பின்கோடு, பாஸ்வேர்டு, மறுபடியும் பாஸ்வேர்டு. ஆறே பெட்டி. ஒரு மத்தியான வேலை என்று நினைத்தேன். பெட்டிகள் மத்தியானத்திலேயே முடிந்தன. யாராவது எதையாவது தப்பாகப் போட்டால் என்ன செய்வது என்பதுதான் மூன்று வாரம் இழுத்தது.

திறந்துவிட்ட இரண்டாம் நாளே மையத்திலிருந்து போன். "சார், ஒரு அம்மா வந்திருக்காங்க. பொண்ணு பேரைப் பதிய முடியலையாம். ஏற்கெனவே பதிவாயிருக்குன்னு வருதாம். வேற யாராவது எங்க நம்பர்ல பதிஞ்சிட்டாங்களான்னு பயப்படறாங்க."

டேட்டாபேஸைப் பார்த்தேன். பதிந்தது அந்த அம்மாவேதான். நெட் மெதுவாக இருந்திருக்கிறது, பட்டனை இரண்டு முறை தட்டியிருக்கிறார். முதல் தட்டிலேயே பதிவு முடிந்துவிட்டது. ஆனால் திரையில் நின்றது இரண்டாம் தட்டுக்கு வந்த பதில்: 'இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது.' கோடில் ஒரு தப்பும் இல்லை. வேலிடேஷன், அதாவது அடித்தது சரியா என்று பார்க்கும் சோதனை, தன் கடமையைச் சரியாகவே செய்தது. அந்த அம்மா பஸ் ஏறி மையத்துக்கே வந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இந்த ஒப்பீடு முழுக்க அந்தப் படிவத்தை வைத்துத்தான்: நிரப்புகிறவர் கைபேசியில் நிரப்புகிறார், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நிரப்புகிறார், பெயரைத் தமிழிலும் அடிப்பார். தினமும் நூறு பதிவு போடும் அலுவலக ஊழியருக்கான படிவம் என்றால் என் முடிவுகளில் பாதி மாறும்.

பிரவுசர் கையில் விட்டுவிடுவது

இருப்பதிலேயே சுலபமான வழி. பெட்டியில் 'ரெக்வயர்டு' என்று சேர்த்து, வகையை 'ஈமெயில்' என்று குறித்தால் போதும். பிரவுசருக்குள் ஓடும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரி எழுத வேண்டாம். சப்மிட் தட்டினால் தப்பான பெட்டிக்குப் பக்கத்தில் பிரவுசரே ஒரு குமிழியைக் காட்டும்.

முதல் சிக்கல் அந்தக் குமிழியின் மொழி. பக்கம் முழுவதும் தமிழில் இருந்தாலும், குமிழி பேசுவது பிரவுசரின் மொழியில். அந்த அம்மாவின் கைபேசியில் குரோம் ஆங்கிலத்தில் இருந்தால், தமிழ்ப் படிவத்துக்கு நடுவில் திடீரென்று ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் எட்டிப் பார்க்கும். நமக்கு வேண்டிய வாசகத்தை 'செட் கஸ்டம் வேலிடிட்டி' என்ற ஃபங்ஷன் வழியாகக் கொடுக்கலாம்தான். ஆனால் அதில் ஒரு பழைய பொறி உண்டு: தப்பு திருத்தப்பட்டதும் அந்த வாசகத்தை ஒரு எழுத்தும் இல்லாத காலிச் சரமாக மாற்ற மறந்தால், பெட்டியில் சரியான எண் இருந்தாலும் படிவம் நகரவே நகராது. நான் மறந்திருக்கிறேன். நீங்களும் ஒருநாள் மறப்பீர்கள்.

இரண்டாவது, குமிழி ஒரு நேரத்தில் ஒரு தப்பைத்தான் சொல்லும், கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்தும்விடும். மூன்று பெட்டி தப்பென்றால் மூன்று முறை சப்மிட். அப்புறம், வகை 'ஈமெயில்' என்று குறித்துவிட்டால் தப்பான முகவரி எல்லாம் மாட்டிவிடும் என்று நம்ப வேண்டாம். '@'க்குப் பிறகு வெறும் 'ஜிமெயில்' என்று நிறுத்தினாலும், புள்ளி காம் இல்லாமலே, பிரவுசர் அதைச் சரி என்று ஏற்றுக்கொள்ளும். பக்கங்களை எழுதும் மொழியான எச்டிஎம்எல்லின் விதியே அப்படித்தான்.

நிறம் தொடர்பாக இருந்த ஒரு தொல்லை மட்டும் தீர்ந்துவிட்டது. பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில், தப்பான பெட்டியைச் சுட்டும் ':இன்வேலிட்' வைத்துச் சிவப்புக் கோடு போட்டால், பக்கம் திறந்த நொடியே, ஒரு எழுத்துகூட அடிக்காத காலிப் பெட்டிகள் சிவந்து நிற்கும். வீட்டுக்கு வந்த விருந்தாளியைச் செருப்பைக் கழற்றும் முன்பே திட்டுகிற மாதிரி. ':யூசர்-இன்வேலிட்' அந்தத் தவறைச் செய்யாது. பயனர் பெட்டியைத் தொட்ட பிறகுதான் விழிக்கும். 2023இல் குரோம் 119 வந்ததோடு எல்லாப் பெரிய பிரவுசர்களிலும் அது வேலை செய்கிறது.

பிரவுசர் சோதனையை முழுதாகத் தூக்கி எறியவும் நான் சொல்ல மாட்டேன். பெட்டிகளில் அந்தக் குறிகளை அப்படியே வைத்துவிட்டு, பிரவுசர் சோதனையை அணைக்கும் 'நோவேலிடேட்' என்பதை ஜாவாஸ்கிரிப்ட் வழியாகப் படிவத்தில் சேருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் வந்து சேர்ந்தால் நம் சோதனை ஓடும். மலைப்பக்கத்து சிக்னலில் அது வராமல் போனால் பிரவுசராவது காவலுக்கு நிற்கும்.

அடிக்க அடிக்கச் சொல்வது

ஒவ்வொரு எழுத்துக்கும் சோதிப்பது. டெமோவில் பார்க்க இதுதான் பிரமாதம். வாடிக்கையாளர் இதைத்தான் கேட்பார்.

ஆனால் மின்னஞ்சலின் முதல் எழுத்தை அடித்ததும் 'தவறான மின்னஞ்சல்' என்று வருகிறதே, அதை என்ன சொல்வது? இன்னும் எழுதி முடிக்கவில்லை ஐயா. திரையில் இருப்பதைக் குரலில் படித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படிப்பவருக்கு இது இன்னும் கொடுமை. பிழை வரும் இடத்தை, மாறியதும் வாசிக்கச் சொல்லும் 'ஏரியா-லைவ்' என்று குறித்திருந்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் அந்தக் குரல் குறுக்கே பேசும். தான் என்ன அடித்தோம் என்பதே அவர் காதில் விழாது.

தமிழில் அடிக்கும்போது இன்னொரு கோளாறும் சேர்கிறது. ஒலிபெயர்ப்பு கீபோர்டில் 'க்' என்பது 'க' ஆகி, 'கௌ' ஆகும் வரை பெட்டிக்குள் இருப்பது பாதி வெந்த எழுத்து. அந்த நேரத்தில் சோதனை மூக்கை நுழைத்தால் இல்லாத பிழையைச் சொல்லும். எழுத்துச் சேர்க்கை முடிந்ததைத் தெரிவிக்கும் 'காம்பொசிஷன் எண்ட்' நிகழ்வு வரை காத்திருக்க வேண்டும். பெரும்பாலான படிவங்கள் காத்திருப்பதில்லை.

இந்த வழி உதவுகிற இடம் ஒன்றுதான், பாஸ்வேர்டு நீளம். 'இன்னும் 3 எழுத்து' என்று சிவப்பில்லாமல், சாதாரண நிறத்தில் குறைந்துகொண்டே வந்தால் அது திட்டு இல்லை, துணை.

பெட்டியை விட்டு வெளியே வந்ததும் சொல்வது

இணைய வடிவமைப்பில் பலரும் பரிந்துரைப்பது இது. 2009இல் இணைய வடிவமைப்பாளர் லூக் ரோப்லெவ்ஸ்கி 22 பேரை வைத்துச் செய்த சோதனையில், பெட்டிக்குப் பக்கத்திலேயே உடனுக்குடன் பிழை சொன்ன படிவங்களைச் சரியாக முடித்தவர்கள் 22 சதவீதம் கூடினார்கள், ஆன நேரம் 42 சதவீதம் குறைந்தது. அவர் சோதித்த வகைகளில், பெட்டியை முடித்த பிறகு சொன்னதுதான் நன்றாக வந்தது. ஆனால் 22 பேர்தான். அதுவும் கைபேசியில் படிவம் நிரப்புவது இவ்வளவு பரவாத காலம்.

நான் முதலில் எடுத்தது இந்த வழியைத்தான். மூன்று இடத்தில் அடி வாங்கினேன்.

ஒன்று, பின்கோடு நினைவில்லாமல் பாதியில் வாட்ஸ்அப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினால், படிவம் அதைப் 'பெட்டியை விட்டு வெளியேறிவிட்டார்' என்று கணக்கெடுத்துக்கொள்ளும். எண்ணைக் காப்பி செய்துகொண்டு ஆசையாக வருகிறவரை 'பின்கோடு தவறு' வரவேற்கும். இரண்டு, காலியாக விட்டுக் கடந்து போனவரையும் திட்டுவது. அவர் திரும்பி வந்து நிரப்பலாம் என்று இருந்திருப்பார். காலிப் பெட்டிக்கு அந்த இடத்தில் வாய் திறக்கவே கூடாது.

மூன்றாவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. சிலர் "பட்டன் வேலை செய்யலை, ரெண்டு தடவை அமுக்கணும்" என்றார்கள். என் கணினியில் நன்றாகத்தான் ஓடியது. கடைசியில் மையத்துப் பணியாளர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் பார்த்தபோது புரிந்தது. கடைசிப் பெட்டியில் கர்சர் இருக்கிறது. மவுஸ் பட்டனை அழுத்துகிறார். அழுத்திய அந்த நொடி கர்சர் பெட்டியை விட்டு வெளியே வருகிறது, உடனே சோதனை ஓடி, பெட்டிக்குக் கீழே ஒரு வரிப் பிழை முளைக்கிறது. அந்த ஒரு வரி சப்மிட் பட்டனைக் கீழே தள்ளிவிடுகிறது. அவர் விரலை எடுக்கும்போது மவுஸுக்குக் கீழே பட்டன் இல்லை. அழுத்தியது ஓர் இடம், விட்டது வேறோர் இடம், ஆகவே பிரவுசர் கணக்கில் அந்தப் பட்டனில் கிளிக்கே நடக்கவில்லை. பிழைச் செய்திக்கு முன்கூட்டியே ஒரு வரி இடம் ஒதுக்கி வைத்தால் இது தீரும். ஆனால் செய்தி இரண்டு வரியாக மடிந்தால் மறுபடி அதே கதை. தமிழ் வாக்கியம் சின்னத் திரையில் மடியாமல் இருப்பது அபூர்வம்.

சப்மிட் தட்டிய பிறகு சொல்வது

பழைய வழி. எழுதி முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம். பிரிட்டன் அரசின் இணையதளங்களுக்கான வடிவமைப்பு முறை இதைத்தான் பின்பற்றுகிறது. பிரவுசர் சோதனையை அணைத்துவிடுகிறார்கள். சப்மிட்டுக்குப் பிறகு பக்கத்தின் மேலே ஒரு பெட்டியில் எல்லாப் பிழைகளும் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் ஓர் இணைப்பு. தொட்டால் அந்தந்தப் பெட்டிக்குக் கொண்டுபோய் விடும். அதே வாசகம், ஒரு சொல் மாறாமல், பெட்டிக்குப் பக்கத்திலும் இருக்கும். பக்கத் தலைப்புக்கு முன்னால் 'பிழை' என்று சேர்க்கச் சொல்கிறார்கள், ஸ்கிரீன் ரீடர் முதலில் படிப்பது அதைத்தான் என்பதால்.

இதன் குறை, செய்தி தாமதமாக வருவது. முப்பது பெட்டிப் படிவத்தில், கடைசியில் போய் 'நாலாவது பெட்டி தப்பு' என்றால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆறு பெட்டியில் வராது.

எல்லாம் சரியாகும் வரை சப்மிட் பட்டனையே சாம்பல் நிறத்தில் முடக்கி வைக்கும் வழி ஒன்றும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எது குறைகிறது என்றும் சொல்லாது, அடுத்து போகவும் விடாது.

நான் கடைசியில் வந்து நின்றது ஒரு கலவையில். முதல் சப்மிட் வரை படிவம் எதையும் கண்டிக்காது. சப்மிட் தட்டியதும் எல்லாப் பிழையும் ஒரே நேரத்தில், மேலேயும் பெட்டிக்குப் பக்கத்திலும். அதன் பிறகு, பிழை சொல்லப்பட்ட பெட்டியில் மட்டும் அடிக்க அடிக்கச் சோதனை ஓடும், சரியானதும் அந்த நொடியே சிவப்பு போய்விடும். திட்டுவதற்கு நிதானம், மன்னிப்பதற்கு அவசரம். பட்டன் நகரும் தொல்லையும் இதில் இல்லை, ஏனென்றால் கிளிக் நடந்து முடிந்த பிறகுதான் பிழை வரி முளைக்கிறது.

எங்கே காட்டுவது என்பதில் எனக்குப் பெரிய குழப்பம் இருக்கவில்லை. மேலே மட்டும் என்றால் கைபேசியில் உருட்டி உருட்டித் தேட வேண்டும். பக்கத்தில் மட்டும் என்றால் திரைக்கு வெளியே இருக்கும் பிழை கண்ணில் படாது. இரண்டு இடத்திலும் வையுங்கள். மூலையில் எட்டிப் பார்த்து மூன்று நொடியில் மறையும் அறிவிப்பு பதிவுப் படிவத்துக்கு ஆகவே ஆகாது. நிறத்தை மட்டும் நம்பவும் வேண்டாம். சிவப்பு தெரியாதவர்கள் இருக்கிறார்கள், வெயிலில் நின்று கைபேசி பார்ப்பவர்கள் அதைவிட அதிகம். பிழை வாசகத்தை 'ஏரியா-டிஸ்கிரைப்டுபை' மூலம் பெட்டியோடு கட்டிவிட்டால், ஸ்கிரீன் ரீடர் அந்தப் பெட்டிக்கு வரும்போதே அதையும் சேர்த்துப் படிக்கும்.

வாசகம் எழுதும் வேலையைக் கடைசி அரை மணி நேரத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். 'தவறான உள்ளீடு' என்பது பிழைச் செய்தியே இல்லை, முறைப்பு. 'கைபேசி எண்ணில் 9 இலக்கம்தான் இருக்கிறது, 10 வேண்டும்' என்றால் அவருக்கு வேலை தெரியும். அதோடு, நாமே சரிசெய்யக்கூடியதைப் பிழை என்று சொல்லவே கூடாது. எண்ணுக்கு நடுவில் இடைவெளி, முன்னால் +91 அல்லது 0, மின்னஞ்சல் முடிவில் கீபோர்டு தானாக ஒட்டிவிட்ட ஒரு வெற்றிடம், இவற்றை எல்லாம் சத்தமில்லாமல் நீக்கிக்கொள்ளலாம். 'ஜிமெயில்.கான்' என்று அடித்திருந்தால் அது விதிப்படி பிழை இல்லை. ஆகவே தடுக்காமல் 'ஜிமெயில்.காம் என்பதா?' என்று கேட்டுவிட்டு விடலாம்.

பெயர்ப் பெட்டி

தமிழ்ப் பெயரை வாங்கும் படிவங்களில் அதிகம் சொதப்புவது இங்கேதான். ஆங்கில எழுத்து மட்டும் என்று கட்டுப்பாடு போட்டால் தமிழ் உள்ளேயே வராது, அது எல்லோருக்கும் தெரிந்த தப்பு. அடுத்த தப்பு இன்னும் நுணுக்கமானது. எல்லா மொழி எழுத்துக்கும் ஒரு குறியீடு கொடுக்கும் யூனிகோடில் 'எழுத்து' என்ற வகையை மட்டும் அனுமதித்தால் எல்லா மொழியும் வந்துவிடும் என்று நினைத்து எழுதுவோம். 'கமல' போகும். 'கௌசல்யா' போகாது. ஏனென்றால் ஔகாரக் குறி, துணைக்கால், புள்ளி எல்லாம் யூனிகோடு கணக்கில் 'எழுத்து' இல்லை, 'குறி' என்ற தனி வகை. இரண்டு வகையையும் அனுமதிக்க வேண்டும். கூடவே புள்ளியையும் இடைவெளியையும். இனிஷியல் இல்லாமல் நம் ஊரில் பெயர் ஏது?

நீளமும் அப்படித்தான். 'தமிழ்' என்பது நம் கண்ணுக்கு 3 எழுத்து, குறிகளையும் தனித்தனியாக எண்ணும் ஜாவாஸ்கிரிப்டுக்கு 5. எழுத்தைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் 15 பைட். 'அதிகபட்சம் 20 எழுத்து' என்று சொல்லிவிட்டு 12 எழுத்திலேயே நிறுத்தினால் பயனர் நம்மைத்தான் சந்தேகப்படுவார். பிகிரிப்ட் முறையில் பாஸ்வேர்டைப் பூட்டுகிறவர்கள் இதையும் கவனியுங்கள்: அது 72 பைட்டுக்கு மேல் பார்ப்பதில்லை. தமிழில் அது வெறும் 24 யூனிகோடு குறியீடு.

முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்து இரண்டையும் கட்டாயமாக்குவது, கடைசிப் பெயருக்குக் 'குறைந்தது 3 எழுத்து' என்பது, இதெல்லாம் பிழையைப் பிடிக்கும் வேலை இல்லை, பிழையை உண்டாக்கும் வேலை. இனிஷியலை அங்கே போட முயன்று, முடியாமல் தன் பெயரையே மறுபடி அடித்து வைத்தவர்களை எத்தனை பட்டியலில் பார்த்திருக்கிறேன்! நான் 'முழுப் பெயர்' என்று ஒரே பெட்டியாக்கிவிட்டேன். அதற்கு ஒரே விதி: காலியாக இருக்கக் கூடாது.

பாஸ்வேர்டுக்கும் விதிகளைக் குறைத்தேன். ஒரு பெரிய எழுத்து, ஓர் எண், ஒரு குறியீடு என்ற பழைய சடங்கை அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2017லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நீளத்தைப் பாருங்கள், ஏற்கெனவே கசிந்த பாஸ்வேர்டுகளைத் தடுங்கள் என்றது. விதி குறைந்தால் பிழைச் செய்தியும் குறைகிறது.

சர்வர் சொல்லும் பிழை

பிரவுசரில் எத்தனை சோதனை வைத்தாலும் சர்வரில் அத்தனையும் மறுபடி வேண்டும், அதில் இரண்டாவது கருத்தே இல்லை. கேள்வி, சர்வர் 'இல்லை' என்று சொல்லும்போது திரையில் என்ன ஆகிறது என்பதுதான். லாராவெல், ஜாங்கோ போன்ற, இணையதளம் கட்டும் கருவிகள் பிழையோடு படிவத்தைத் திருப்பி அனுப்பும்போது மற்ற பெட்டிகளை நிரப்பிக் கொடுக்கும், பாஸ்வேர்டை மட்டும் காலியாக விடும். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் பின்கோடில் ஓர் இலக்கம் விட்டதற்காக ஒருவர் பாஸ்வேர்டை இரண்டு முறை அடிக்க வேண்டியிருக்கிறது. பிரவுசரிலேயே முதலில் சோதிப்பதற்கு என்னைப் பொறுத்தவரை மிகப் பெரிய காரணம் இதுதான்.

'ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று சொல்லலாமா கூடாதா என்பது நல்ல சண்டைக்கான விஷயம். சொன்னால், யார் யார் உறுப்பினர் என்று ஒருவன் எண்களைப் போட்டுப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். சொல்லாவிட்டால், மறந்துபோய் மறுபடி பதிகிறவர் திண்டாடுவார். மனநல ஆலோசனைத் தளமோ திருமணத் தளமோ என்றால் நான் சொல்ல மாட்டேன். 'உங்களுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறோம்' என்று எல்லோருக்கும் ஒரே பதிலைக் காட்டிவிட்டு, விவரத்தை அந்த எண்ணுக்கே அனுப்புவேன். பயிற்சி மையத்தில் சேர்ந்தது பெரிய ரகசியம் இல்லை. அங்கே நேராகச் சொல்லி, பக்கத்திலேயே உள்நுழையும் இணைப்பும் கொடுத்தேன். மணிக்கு இத்தனை முயற்சிதான் என்று ஒரு கட்டுப்பாடும் வைத்தேன்.

அந்த அம்மாவின் சிக்கலுக்கு வருகிறேன். பதியும் முன் 'இந்த எண் இருக்கிறதா' என்று டேட்டாபேஸிடம் கேட்பது மட்டும் போதாது. இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் வந்தால் இரண்டுக்கும் 'இல்லை' என்ற பதிலே கிடைத்து, ஒரே எண் இரண்டு முறை பதிவாகக்கூடும். எண் பத்தியில், ஒரே எண்ணை இரண்டாம் முறை ஏற்காத யூனிக் இண்டெக்ஸ் இருந்தே ஆக வேண்டும். மீறினால், டேட்டாபேஸ் மைஎஸ்க்யூஎல் என்றால் 1062 என்றும் போஸ்ட்கிரெஸ் என்றால் 23505 என்றும் பிழை எண் சொல்லும். அதைப் பிடித்து மனிதர் மொழியில் மாற்ற வேண்டும், 'சர்வரில் கோளாறு' என்று மட்டும் சொல்லும் 500 பிழைப் பக்கமாக விடக் கூடாது. எங்கள் டேட்டாபேஸில் இண்டெக்ஸ் இருந்தது, அதனால்தான் அவர் பெயர் ஒரு முறையோடு நின்றது. இல்லாதது வேறு: அது அதே ஆளின் இரண்டாம் தட்டு என்று கண்டுபிடிக்கும் வழி.

இப்போது படிவம் திறக்கும்போதே ஒரு தனி அடையாள எண் அதற்குள் மறைவாக வைக்கப்படுகிறது, பதிவோடு சேர்ந்து டேட்டாபேஸுக்கும் போகிறது. 'ஏற்கெனவே இருக்கிறது' என்ற பிழை வந்தால், இருக்கிற பதிவின் அடையாளமும் வந்திருக்கும் அடையாளமும் ஒன்றா என்று சர்வர் பார்க்கும். ஒன்று என்றால் அது பிழை இல்லை. முதல் தட்டுக்குப் போக வேண்டிய அதே பதில் போகும்: 'பதிவு முடிந்தது.' பட்டனும் ஒருமுறை தட்டியதும் 'பதிவாகிறது…' என்று மாறி நிற்கும்.

'மறுபடியும் பாஸ்வேர்டு' பெட்டியை எடுத்துவிட்டு, அடித்ததைத் திறந்து காட்டும் கண் பொத்தான் வைத்தேன். இரண்டும் பொருந்தவில்லை என்ற பிழைக்கு அதன் பிறகு வேலையே இல்லை. ஆறு பெட்டி ஐந்தாகிவிட்டது. மையத்துக்காரர் மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார், அடிக்க அடிக்கப் பச்சை டிக் வருமே, அதை எப்போது போடுவீர்கள் என்று.